சினை ஊசி போட்டும் மாடு ஏன் திரும்பக் கத்துது? கருவுக்குள் முதல் 21 நாளில் நடக்கும் மரபணுக் கதை

காலையில் மாடு கத்துது. வழும்பு கண்ணாடி மாதிரி தொங்குது. டாக்டரை வரச்சொல்லி சாயங்காலம் சினை ஊசியும் போட்டாச்சு. காலண்டரில் தேதியை வட்டம் போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். சரியாக 21-வது நாள், மறுபடியும் கத்தல். "ஊசி பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசிக்குத் தயாராகிறோம். இப்படி மூன்று, நான்கு தடவை ஆனால் "இது மலட்டு மாடு" என்று பெயர் வைத்து வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு.

ஆனால் உண்மையில் அந்த ஊசி "பிடிக்காமல்" போனதா? பல நேரங்களில் இல்லை என்கிறது அறிவியல். கறவை மாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, நல்ல ஆரோக்கியமான மாட்டுக்குச் சரியான நேரத்தில் ஊசி போட்டால் பத்தில் எட்டு அல்லது ஒன்பது தடவை முட்டையும் விந்தணுவும் சேர்ந்து கரு உருவாகிவிடுகிறது. ஆனால் கன்றாகப் பிறப்பது அதில் பாதி அளவுதான். அதிகமாகப் பால் கறக்கும் மாடுகளில் அதைவிடக் குறைவு.

அப்படியென்றால் நடுவில் காணாமல் போன கருக்கள் எங்கே? பெரும்பாலானவை முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே, மாடு சினையா இல்லையா என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே, சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. அந்த மூன்று வாரத்தில் கருவுக்குள் என்ன நடக்கிறது? அதைப் புரிந்துகொள்ள 'மரபணு வெளிப்பாடு' என்ற ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். வாங்க, பார்க்கலாம்.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

மாட்டின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 60 குரோமோசோம்கள் இருக்கின்றன. அதில் சுமார் 22,000 மரபணுக்கள். 2009-ல் ஹெர்ஃபோர்டு இனப் பசு ஒன்றின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து முடித்தபோது இந்த எண்ணிக்கை தெரியவந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கொம்பில் இருக்கும் செல்லுக்கும் மடியில் இருக்கும் செல்லுக்கும் ஒரே மரபணுக்கள்தானே? அப்புறம் ஏன் மடியில் மட்டும் பால் சுரக்கிறது?

காரணம், எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. பெரிய சமையல் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சாம்பார் என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு அடுப்படிக்குப் போவோம். புத்தகம்தான் டி.என்.ஏ. எழுதி எடுத்த தாள் ஆர்.என்.ஏ. அதை வைத்துச் சமைத்து இறக்கும் சாம்பார்தான் புரதம். எந்தப் பக்கத்தை, எப்போது, எத்தனை தாள் எழுதுவது என்பதுதான் மரபணு வெளிப்பாடு. மடியில் இருக்கும் செல் பால் புரதத்தின் பக்கத்தை எழுதுகிறது. கொம்பில் இருக்கும் செல் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

கரு வளர்ச்சி முழுவதும் இதே கதைதான். சரியான பக்கம் சரியான நாளில் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கரு அங்கேயே நின்றுவிடும்.

முதல் மூன்று நாள்: அம்மா கட்டிக் கொடுத்த சோறு

விந்தணு முட்டைக்குள் நுழைந்ததும் புதிய உயிருக்கு அப்பாவின் மரபணு பாதி, அம்மாவின் மரபணு பாதி கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் புத்தகம் அப்போது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். கரு சொந்தமாக எதையும் பெரிதாகப் படித்து எழுதுவதில்லை.

அப்புறம் எப்படி ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகிறது? எல்லாம் அம்மா முன்கூட்டியே கட்டிக் கொடுத்ததுதான். சினைப்பையில் முட்டை வளரும் காலத்திலேயே தேவையான ஆர்.என்.ஏ தாள்களையும் புரதங்களையும் தாய் அதற்குள் நிரப்பி வைத்துவிடுகிறாள். மாட்டின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அகலம்தான். ஆனால் மூன்று நாள் பயணத்துக்கான கட்டுச்சோறு அதற்குள் இருக்கிறது.

இந்தக் கட்டுச்சோறு சரியில்லை என்றால் என்ன ஆகும்? 2007-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டு முட்டையில் 'ஜே.ஒய்-1' என்ற மரபணுவைப் பற்றி விவரித்தார்கள். முட்டைக்குள் தாய் சேர்த்துவைக்கும் பொருட்களில் இதுவும் ஒன்று. கருவில் இதன் ஆர்.என்.ஏ-வை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தபோது, ஏழாம் நாள் நிலையை எட்டிய கருக்களின் எண்ணிக்கை குறைந்தது. அதாவது, கருவின் தலையெழுத்தில் ஒரு பகுதி ஊசி போடுவதற்கு முன்பே, முட்டை வளரும்போதே எழுதப்பட்டுவிடுகிறது.

எட்டு செல்: கரு சொந்தக் காலில் நிற்கும் நேரம்

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும்? தாய் கொடுத்த ஆர்.என்.ஏ நாளாக ஆகச் சிதைந்துகொண்டே போகும். அது தீர்வதற்குள் கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கியாக வேண்டும். விஞ்ஞானிகள் இதைக் 'கருவின் மரபணுத் தொகுப்பு விழித்தெழுதல்' என்கிறார்கள்.

இந்த நேரம் விலங்குக்கு விலங்கு மாறும்.

- எலிக்கு இரண்டு செல் நிலையிலேயே
- பன்றிக்கு நான்கு செல் நிலையில்
- மனிதனுக்கு நான்கில் இருந்து எட்டு செல் நிலையில்
- மாட்டுக்கும் ஆட்டுக்கும் எட்டில் இருந்து பதினாறு செல் நிலையில்

மாட்டுக் கணக்கில் இது கருவுற்ற மூன்றாவது அல்லது நான்காவது நாள். அதற்கு முன்பே சில மரபணுக்கள் லேசாக முணுமுணுக்க ஆரம்பித்திருக்கும். ஆனால் பெரிய அளவில், ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒன்றாகக் குரல் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இது எப்படித் தெரியும்? விஷக்காளான் ஒன்றில் இருந்து கிடைக்கும் 'ஆல்ஃபா அமானிட்டின்' என்ற நச்சுப்பொருள், செல் புதிய ஆர்.என்.ஏ எழுதுவதைத் தடுத்துவிடும். இதைப் பரிசோதனைக் கூடத்தில் மாட்டுக் கரு வளரும் திரவத்தில் கலந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கரு உடனே சாகவில்லை. இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்துகொண்டே போனது. அப்புறம் எட்டு, பதினாறு செல் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. அதுவரை ஓடியது அம்மாவின் சரக்கில்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆய்வகத்தில் சரியில்லாத சூழலில் வளர்க்கும் மாட்டுக் கருக்களும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். 1980-களில் விஞ்ஞானிகளுக்குப் பெரிய தலைவலியாக இருந்த இந்த நிலைக்கு 'எட்டு செல் தடை' என்றே பெயர்.

வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோடையில் ஊசி பிடிக்காது என்று நம்மூரில் சொல்வார்கள். அது வெறும் பேச்சு இல்லை.

1993-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு ஆய்வு வெளியானது. சினைப்பருவத்துக்கு அடுத்தடுத்த நாட்களில் ஹோல்ஸ்டீன் மாடுகளை வெப்பத்துக்கு உட்படுத்தி, எட்டாம் நாள் கருவை எடுத்துப் பார்த்தார்கள். முதல் நாளில் சூடு பட்ட மாடுகளின் கருக்கள் மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தன. ஆனால் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் சூடு பட்டபோது அந்த அளவு பாதிப்பு தெரியவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? ஒன்று, இரண்டு செல் இருக்கும்போது கருவிடம் சொந்த மரபணுவின் பலம் இல்லை. சூட்டால் கெட்டுப்போன புரதத்துக்குப் பதிலாகப் புதிதாகச் செய்துகொள்ள அதனால் பெரிதாக முடியாது. கட்டுச்சோறு கெட்டால் அவ்வளவுதான். எட்டு செல்லைத் தாண்டி மரபணுக்கள் விழித்த பிறகு, கரு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் திறன் கூடுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. முட்டை சினைப்பையில் வளர்ந்து தயாராகப் பல வாரங்கள் ஆகும். அதனால் கோடையில் சூடு பட்ட முட்டை, வெயில் தணிந்த பிறகு வெளியே வந்தாலும் தரம் குறைந்தே இருக்கலாம். "மழை பெஞ்சு குளிர்ந்துடுச்சே, இப்பவும் ஏன் சினை நிக்கல?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இது.

திமில் உள்ள நம் நாட்டு வகை இனங்களின் கருக்கள் சூட்டை ஓரளவு கூடுதலாகத் தாங்குகின்றன என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. பிரேசிலில் லட்சக்கணக்கில் வளர்க்கப்படும் 'நெல்லூர்' இன மாடுகளின் கருக்களை ஹோல்ஸ்டீன் கருக்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த நெல்லூர் மாடுகளின் பூர்வீகம் ஆந்திராவின் ஓங்கோல் மாடுகள்தான்.

ஏழாம் நாள்: யார் கன்று, யார் நஞ்சு?

நான்கு, ஐந்து நாளில் கரு, கருக்குழாயில் இருந்து கருப்பைக்குள் வந்து சேர்கிறது. ஏழாம் நாள் அது நூறு செல்லுக்கு மேல் உள்ள, நடுவில் நீர் நிறைந்த குட்டிப் பந்து. இப்போதுதான் கருவுக்குள் முதல் பாகப்பிரிவினை நடக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் சிறு கூட்டம் பின்னாளில் கன்று ஆகும். வெளிச்சுவராக இருக்கும் செல்கள் பின்னாளில் நஞ்சு, அதாவது கன்று போட்ட பிறகு விழும் நஞ்சுக்கொடியாக மாறும்.

இதையும் மரபணுக்கள்தான் தீர்மானிக்கின்றன. உள்கூட்டத்தில் 'நானாக்' என்ற மரபணு வேலை செய்யும். வெளிச்சுவரில் 'சி.டி.எக்ஸ்-2' வேலை செய்யும். இன்னொரு முக்கியப் புள்ளி 'ஆக்ட்-4'. எலியில் இந்த ஆக்ட்-4 வெளிச்சுவரில் சீக்கிரமே அணைந்துவிடும். மாட்டில் அப்படி இல்லை, ஏழாம் நாளிலும் இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருக்கும்.

2018-ல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் 'கிரிஸ்பர்' என்ற மரபணு வெட்டும் முறையால் ஆக்ட்-4 இல்லாத மாட்டுக் கருவை உருவாக்கிப் பார்த்தார்கள். ஏழாம் நாள் கருவில் நானாக் காணவில்லை. எலியில் அதே மாதிரி செய்தால் நானாக் தெரியத்தான் செய்கிறது. எலியை வைத்துப் படித்ததை அப்படியே மாட்டுக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம். மனிதக் கருவின் ஆரம்ப நாட்களைப் புரிந்துகொள்ள எலியைவிட மாட்டுக் கரு சில விஷயங்களில் பொருத்தமானது என்று ஆய்வாளர்கள் சொல்வதும் இதனால்தான்.

பதினாறாம் நாள்: "அம்மா, நான் இருக்கேன்!"

இனி வருவதுதான் இந்தக் கதையின் உச்சக்கட்டம்.

மனிதக் கரு ஒரு வாரத்திலேயே கருப்பையில் ஒட்டிக்கொள்ளும். மாட்டுக் கரு அப்படி இல்லை. ஓட்டை உடைத்து வெளியே வந்து, ஒட்டாமலேயே மிதந்துகொண்டிருக்கும். இரண்டாவது வாரக் கடைசியில் நூல் மாதிரி நீள ஆரம்பித்து, 16, 17-ம் நாளில் பத்து சென்டிமீட்டரையே தாண்டிவிடும்.

அதே நேரத்தில் தாயின் உடல் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. முட்டை வெளிவந்த இடத்தில் உருவான 'கார்பஸ் லூட்டியம்' என்ற சுரப்பி, சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். வயிற்றில் கரு இல்லை என்று நினைத்தால், கருப்பையே ஒரு ஹார்மோனை அனுப்பி அந்தச் சுரப்பியை அழித்துவிடும். பிறகு 21-ம் நாள் வாக்கில் மாடு மறுபடி பருவத்துக்கு வரும்.

அப்படி அழிப்பதற்கு முன்பு, "நான் இருக்கேன்" என்று கரு சேதி சொல்லியாக வேண்டும். அந்தச் சேதிக்குப் பெயர் 'இன்டர்ஃபெரான் டா'. கருவின் வெளிச்சுவரில் இருக்கும் ஒரு மரபணு, சரியாக இந்த நாட்களில் மட்டும் வேகமாக இயங்கி இந்தப் புரதத்தைக் கொட்டுகிறது. இன்டர்ஃபெரான் என்றாலே பொதுவாக வைரஸை எதிர்க்கும் புரதம். அசைபோடும் விலங்குகளில் மட்டும், அதாவது மாடு, எருமை, ஆடு வகையறாக்களில், அந்தக் குடும்பத்தில் இருந்து ஒன்று சினையை அறிவிக்கும் தூதுவனாக மாறியிருக்கிறது. இது இன்டர்ஃபெரான் வகைதான் என்று 1987-ல் உறுதியானது.

கரு நன்றாக நீளவில்லை என்றால் சேதியும் பலமாகப் போகாது. தாய்க்குக் கேட்கவில்லை என்றால், உயிரோடு இருக்கும் கருவைக்கூட அந்த உடல் கைவிட்டுவிடும். 21-ம் நாள் கேட்கும் அந்தக் கத்தல், சில நேரம் கேட்காமல் போன ஒரு குரலின் விளைவு.

ஜெர்சி காளைகளில் ஒளிந்திருந்த குறை

கரு சொந்த மரபணுவை நம்ப ஆரம்பித்ததும் இன்னொரு ஆபத்தும் வருகிறது. அந்த மரபணுவிலேயே குறை இருந்தால்?

2011-ல் அமெரிக்காவில் ஜெர்சி மாடுகளின் மரபணுத் தகவல்களை அலசியபோது ஒரு விநோதம் தெரிந்தது. 15-வது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு, ஐந்தில் ஒரு மாட்டுக்கு மேல் ஒற்றையாக இருந்தது. ஆனால் அம்மா, அப்பா இருவரிடமும் இருந்து அதை இரட்டையாக வாங்கிய மாடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட கன்றுகள் பிறக்கவே இல்லை, கருவிலேயே போய்விட்டன.

பிறகு குற்றவாளி 'சி.டபிள்யூ.சி-15' என்ற மரபணு என்று கண்டுபிடித்தார்கள். எழுதி எடுத்த ஆர்.என்.ஏ தாளை வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் இயந்திரத்தின் ஒரு பாகம் அது. அது இல்லாவிட்டால் மற்ற மரபணுக்களின் சேதியும் குழம்பிப்போகும். குறையுள்ள காளையின் விந்து, குறையுள்ள பசுவுக்குப் போனால் நான்கில் ஒரு கரு வீணாகும். தாயிடமோ, ஊசி போட்டவரிடமோ தப்பு இல்லை. இப்போது காளைகளை முன்கூட்டியே பரிசோதித்து இதைத் தவிர்க்க முடிகிறது.

ஆய்வகக் கன்றுகளுக்கும் இதே பாடம்

சோதனைக்குழாய் முறையில் முதல் கன்று 1981-ல் அமெரிக்காவில் பிறந்தது. நம் நாட்டில் ஹரியானாவின் கர்னால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 1990-ல் சோதனைக்குழாய் எருமைக் கன்றையும், 2023 மார்ச்சில் 'கங்கா' என்ற கிர் இன குளோனிங் கன்றையும் உருவாக்கியது.

இதில் அயர்லாந்து ஆய்வாளர்கள் 2002-ல் சொன்ன ஒரு பாடம் முக்கியமானது. எத்தனை கரு ஏழாம் நாளை எட்டும் என்பதை முட்டையின் தரம் முடிவு செய்கிறது. எட்டிய கருவின் தரத்தை அது வளர்ந்த சூழல் முடிவு செய்கிறது. வளர்ப்புத் திரவம் சரியில்லாததால், எவ்வளவு இயங்க வேண்டும் என்ற மரபணுக் கணக்கு குழம்பி, அளவுக்கு மீறிப் பெரிதாக வளர்ந்து பிறக்க முடியாமல் திணறிய கன்றுகளும் ஆடுகளிலும் மாடுகளிலும் உண்டு. வெறும் ஏழு நாள் தொட்டில், ஒன்பது மாதம் கழித்துப் பிறக்கும் கன்றின் எடையை மாற்றிவிடுகிறது.

சரி, மாடு வைத்திருப்பவருக்கு இதில் என்ன பயன்?

*ஊசி போட்ட பிறகு என்ன செய்யலாம்?*
முதல் மூன்று, நான்கு நாள் கருவுக்கு மிக மென்மையான காலம். வெயிலில் வெகுதூரம் ஓட்டிப்போவது, வெட்டவெளியில் கட்டுவது வேண்டாம். நிழலும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். ஊசிக்கு முந்தைய நாட்களிலும் இதே கவனிப்பு நல்லது.

*திரும்பக் கத்தும் தேதியை ஏன் எழுதி வைக்க வேண்டும்?*
18-ல் இருந்து 24 நாளுக்குள் கத்தினால், கரு உருவாகவே இல்லை அல்லது சேதி சொல்வதற்கு முன்பே போய்விட்டது என்று பொருள். 25-ல் இருந்து 35 நாள் வாக்கில் தள்ளிக் கத்தினால், கரு சேதி சொல்லிவிட்டு அதற்குப் பிறகு இறந்திருக்க வாய்ப்பு அதிகம். 42 நாள் என்றால் நடுவில் ஒரு பருவத்தை நாமே கவனிக்காமல் விட்டிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. தேதி இருந்தால் கால்நடை மருத்துவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

*நாலு தடவை ஊசி போட்டும் நிற்காத மாட்டை விற்றுவிடலாமா?*
அவசரப்பட வேண்டாம். ஊசி போடும் நேரம், கருப்பையில் நோய்த்தொற்று, தீவனக் குறைபாடு, வெயில் எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் சாயங்காலமும், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி என்பது பழைய, இன்றும் செல்லுபடியாகும் கணக்கு. காளையை மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி.

*கடும் வெயில் பகுதிகளுக்கு வேறு வழி உண்டா?*
கரு மாற்று முறை இருக்கிறது. ஏழு நாள் கருவை நேரடியாகக் கருப்பையில் வைத்தால், சூட்டுக்குப் பயப்படும் முதல் நாட்களைத் தாண்டி வந்த கரு உள்ளே போகிறது. ஃபுளோரிடாவின் கோடையில் இந்த முறை சாதாரண ஊசியைவிட நல்ல பலன் கொடுத்திருக்கிறது. ஆனால் செலவும் வசதியும் அதிகம் தேவை என்பதால் எல்லோருக்கும் இப்போதைக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீண். நாலு பருவம் தவறினால் அந்த வருடக் கணக்கே கோணலாகிவிடும். அதனால் கோபம் மாட்டின் மேல் திரும்புவது இயல்புதான். ஆனால் அடுத்த முறை மாடு திரும்பக் கத்தும்போது, அதை மலடு என்று முடிவு கட்டும் முன் காலண்டரை ஒரு தடவை பாருங்கள். அநேகமாக அதன் வயிற்றில் ஒரு கரு உருவாகி, எட்டு செல்லைத் தாண்டவோ, பதினாறாம் நாள் குரல் கொடுக்கவோ முயற்சி செய்துவிட்டுத்தான் போயிருக்கும். எந்த நாளில் அது தோற்றது என்று தெரிந்தால், அடுத்ததைக் காப்பாற்ற வழி இருக்கிறது.